நாள் முழுதும் ஓடிய செய்தி: மூத்தவர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு 2025 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை சிங்கப்பூரில், அங் மோ கியோ வட்டாரத்து வீடு ஒன்றில் நடந்தது. அங்குள்ள மூத்தோர் நிலையத்தில் நான் தொண்டூழியன். மனநல ஆதரவில் அடிப்படைப் பயிற்சி பெற்றிருக்கிறேன், மருத்துவன் அல்லன். எழுதியதை, இதில் வரும் மூத்த அம்மாவுக்கே முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார்; எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வரும் பொய்ச் செய்தியை நம்பாதீர்கள் என்று மூத்தோருக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே பல வகுப்புகள் நடக்கின்றன. நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்த அம்மா பார்த்த செய்திகளில் பொய் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை. எல்லாம் உண்மையில் நடந்தவை. அப்படியிருந்தும் அவருடைய உறக்கம், பயணம், பூசை விளக்கு என்று ஒவ்வொன்றாக அவை பறித்துக்கொண்டன. எங்கள் வகுப்புகளில் இதற்கு இடமே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

அம்மாவுக்கு வயது 71. கரூர் மாவட்டம் குளித்தலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1976-இல் திருமணமாகி இங்கே வந்தவர். மகன் சற்று வளர்ந்ததும் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். 24 ஆண்டுகள் வேலை; அதில் கடைசி 15 ஆண்டுகள் தரப் பரிசோதகர். மின்சுற்றுப் பலகைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, பற்றவைத்த இடங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, பழுதானதை 'ரிஜெக்ட்' தட்டில் போட வேண்டும். இந்த விவரத்தை நான் முதலில் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

கணவர் 2022-இல் காலமானார். மகன், மருமகள், உயர்நிலை மூன்றில் படிக்கும் பேரன் ஆகியோருடன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டில் இருக்கிறார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தன. காலை ஏழரைக்கு வீடு காலியாகிவிடும். பேரன் திரும்பும் மூன்றரை மணி வரை அவர் தனியே.

தொலைக்காட்சி நாள் முழுதும் ஓடும் பழக்கம் கிருமித்தொற்றுக் காலத்தில் வந்தது. சிங்கப்பூரில் முதல் தொற்று 2020 ஜனவரி 23-இல் உறுதியானது. பிப்ரவரி 7-இல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்ததும் பேரங்காடிகளில் அரிசியும் மீ நூடல்ஸும் கழிவறைத் தாளும் காலியாயின. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லோரும் வீட்டுக்குள். அப்போது செய்தி பார்ப்பது அத்தியாவசியம்: எது திறந்திருக்கும், எங்கே முகக்கவசம் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்த்தார்கள். "அவர் செய்தி வாசிக்கிறவரையே திட்டுவார். நான் அவரைத் திட்டுவேன்" என்று அம்மா சொன்னார். கணவர் போன பிறகு பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர்ச் செய்தி குறைந்து, தமிழ்நாட்டின் 24 மணி நேரச் செய்தி ஒளிவழிகள் அந்த இடத்தைப் பிடித்தன. கைப்பேசியில் உறவினர் குழு ஒன்று. இங்கும் மலேசியாவின் ஜொகூரிலும் திருச்சிப் பக்கத்திலுமாக 60-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

2025 ஏப்ரல் 8-இல் ரிவர் வேலி ரோட்டில், பிள்ளைகள் வகுப்புக்கு வந்திருந்த கடைவீடு ஒன்றில் தீப்பிடித்தது. 10 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அருகே வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் கொண்டுவந்து மேல்மாடியிலிருந்த பிள்ளைகளை இறக்கினார்கள். காயமடைந்தவர்களில் இந்திய அரசியல் பிரமுகர் ஒருவரின் மகனும் இருந்ததால் இந்திய ஒளிவழிகளும் அந்தக் காட்சியைப் பல நாள் காட்டின.

மறுவாரம் அம்மா பூசை மாடத்து எண்ணெய் விளக்கை ஏற்றுவதை நிறுத்தினார். மருமகள் கேட்டதற்கு, "கண் சரியாகத் தெரியவில்லை, திரி தூண்டும்போது பயமாக இருக்கிறது" என்றார். மாடத்தில் ஒரு மின்விளக்கு வந்தது. வயதாகிறது என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். அதே மாதத்தில் வெளியே போகும்போது சோற்றுப்பானையின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டுத்தான் போனார்.

ஜூன் 12-இல் அகமதாபாத்தில் லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். அம்மாவின் தம்பி பேத்திக்கு ஆவணியில் திருச்சியில் கல்யாணம். சேலைகூட எடுத்தாகிவிட்டது. "நான் வரவில்லை, நீங்களும் போகக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். மகன் மட்டும் போகிறேன் என்றதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. மோசடி பற்றிய எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்து, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு எதையும் அவர் எடுப்பதில்லை. அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது: 2024-இல் மட்டும் சிங்கப்பூரில் 51,000-க்கும் மேற்பட்ட மோசடிச் சம்பவங்கள், இழப்பு ஏறத்தாழ 110 கோடி வெள்ளி. ஆனால் அவர் எடுக்காமல் விட்ட அழைப்புகளில் இரண்டு, நீரிழிவுக் கண் பரிசோதனையின் தேதியை மாற்றச் சொல்லி வந்தவை. பரிசோதனை தவறிப்போனது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஜூன் கடைசியில் மருமகள் நிலையத்துக்கு வந்து என்னிடம் பேசினார். "அத்தை முன்னைப்போல் இல்லை அண்ணா. எதைச் சொன்னாலும் 'உலகம் கெட்டுப்போச்சு' என்று முடிக்கிறார். பையன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் கைகால் நடுங்குகிறது."

ஒரு வாரம் கவனித்தது

ஜூலை இரண்டாம் வாரம் முழுக்கக் கவனிப்பது என்று முடிவு செய்தோம். பேரன் பள்ளி நாள்களில் மாலையிலும் சனிக்கிழமை முழு நாளும் குறித்தான். நான் இரண்டு முற்பகல்கள் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தே செய்தோம். ஒளித்துக் குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காலை ஆறு மணிக்குப் பெட்டி போடப்படும். இரவு பதினொன்றரைக்கு அணைக்கப்படும். சமைக்கும்போதும் ஓடும், துணி மடிக்கும்போதும் ஓடும். அம்மா திரையைப் பார்ப்பது குறைவுதான். ஆனால் 'சற்றுமுன்' என்று சிவப்புப் பட்டையோடு வரும் அந்த ஒலி கேட்டதும் கை வேலை நின்றுவிடும். நான் இருந்த ஒரு முற்பகலில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒலிக்குத் தலையைத் தூக்கினார். வந்தது பழைய செய்திதான், காலையிலிருந்து நாலாவது முறை. பார்த்து முடித்தபின் கத்தி கையிலேயே இருந்தது. பத்துப் பன்னிரண்டு விநாடிக்குப் பிறகுதான் அடுத்த காயை எடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை, ஜூலை 12-இல், அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை வெளியாகியிருந்தது. விமானம் தாழ்ந்து போய் மறையும் அதே கண்காணிப்புக் கேமராக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை 31 தடவை என்று பேரன் கோடு போட்டு எண்ணியிருந்தான். அன்று மாலை அம்மாவிடம், இந்த ஆண்டில் எத்தனை விமானங்கள் விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "முப்பது, நாற்பது இருக்கும்" என்றார். பேரனுடைய கோடுகளையும் அம்மாவின் விடையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

மனத்தில் எளிதாக எழும் உதாரணத்தை வைத்தே ஒன்று எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று நாம் கணக்கிடுகிறோம் என்பதை ட்வெர்ஸ்கி, கானமன் என்னும் உளவியலாளர்கள் 1973-இலேயே எழுதிவிட்டார்கள். பாடமாகப் படித்ததுதான். ஒரு வீட்டுக் கூடத்தில் கண்ணெதிரே பார்த்தது அன்றுதான்.

உறக்கம் சராசரியாக நாலரை மணி நேரம். பலதுறை மருந்தகம் என்னும் அரசாங்க மருத்துவ நிலையத்துக்கு மருமகள் அழைத்துப்போனார். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. மனச்சோர்வு நோய் அல்ல, பதற்றம் இருக்கிறது, உறக்கத்தைச் சரிசெய்துவிட்டு ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கண் பரிசோதனை தவறியதும் அங்கேதான் வெளிப்பட்டது.

முதல் முடிவு

செய்தியை நிறுத்திவிடலாம் என்றேன். மகன் உடனே ஒப்புக்கொண்டார். அம்மா ஒப்புக்கொண்டாரா என்று நான் சரியாகக் கேட்கவில்லை. ஜூலை 14-இல் இந்திய ஒளிவழிகளின் சந்தா ரத்தானது.

என் நினைப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் ஜான்ஸ்டன், டேவி இருவரும் 1997-இல் ஒரு சோதனை செய்தார்கள். 14 நிமிடச் செய்தித் தொகுப்பை மூன்று விதமாக வெட்டி மூன்று குழுக்களுக்குக் காட்டினார்கள். கெட்ட செய்தி மட்டும் பார்த்தவர்களுக்குக் கவலையும் சோர்வும் கூடின. அதோடு, செய்திக்குச் சம்பந்தமே இல்லாத தங்கள் சொந்தக் கவலைகளையும் பெரிதாக்கிப் பேசத் தொடங்கினார்கள். விமானத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் தாமதமான பேரனுக்காக நடுங்குவது இதுதான். 14 நிமிடத்துக்கே இப்படியென்றால் 17 மணி நேரத்துக்கு என்ன ஆகும்? அடியோடு வெட்டினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். செய்தியை விட்டு ஒதுங்குகிறவர்கள் எங்கும் பெருகித்தான் வருகிறார்கள். ராய்ட்டர்ஸ் ஆய்வுக் கழகம் பல நாடுகளில் எடுக்கும் கருத்தாய்வில் 2017-இல் 29 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள், 2024-இல் 39 விழுக்காடு. ஆனால் தானே ஒதுங்குவதும் ஒதுக்கப்படுவதும் ஒன்றல்ல.

முதல் மூன்று நாள் அமைதியாக இருந்தது. பிறகு அம்மா கைப்பேசிக்குப் போனார். பகலில் திருச்சிக்கு அழைத்து, "அங்கே என்ன நடக்கிறது, எதையும் மறைக்காமல் சொல்" என்று தம்பியைக் கேட்டார். உறவினர் குழுவில் வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் திறந்தார். உறக்கம் இன்னும் குறைந்தது.

ஜூலை 26 மாலை தஞ்சோங் காத்தோங் சவுத் ரோட்டில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தது. பெட்டி ஓடியிருந்தால் முழுக் கதையும் அவருக்குத் தெரிந்திருக்கும். குழுவில் வந்தது 15 விநாடிக் காணொளி மட்டும்: குழி, அதில் கார். யார், என்ன ஆனார்கள் என்று எதுவும் இல்லை. மறுநாள் முதல் அம்மா ஈரச்சந்தைக்குப் போகவில்லை. வழியில் ஓர் இடத்தில் சாலையைத் தோண்டிவைத்திருந்தார்கள்.

ஜூலை 29-இல் நான் போனபோது அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "நான் சின்னப் பிள்ளையா தம்பி? என் வீட்டுப் பெட்டியை என்னைக் கேட்காமல் நிறுத்துகிறீர்கள். பகலில் இந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் இல்லை தெரியுமா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு இருக்கவில்லை.

ஏன் தவறியது

அந்தப் பெட்டி செய்தியை மட்டும் தரவில்லை, துணையையும் தந்தது. கணவர் இருந்தபோது செய்தி என்றால் திட்டுவதும் பதில் சொல்வதும் சேர்ந்தது. இப்போது அதைக் கேட்டு இறக்கிவைக்க ஆளில்லை. நான் துணையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்.

மருமகளும் அதே செய்திகளைக் கைப்பேசியில் படிக்கிறவர்தான். அவரை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஒரே செய்தி இரு உடல்களில் வேறு வேறு விதமாக இறங்குகிறது. சொரோக்காவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட 17 நாட்டு ஆய்வில், கெட்ட செய்தி பார்க்கும்போது மனிதர்களின் உடல் பொதுவாகக் கூடுதலாகக் கிளர்கிறது என்று காட்டினார்கள். கூடவே, ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது என்றும் காட்டினார்கள். ஆகவே வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது வாதமாகாது.

மூன்றாவதாகப் புரிந்ததைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். செய்தி ஒரு துயரத்தின் தொடக்கத்தைத்தான் உரக்கச் சொல்கிறது. பின்னால் வரும் மீட்பு, மருத்துவம், வீடு திரும்புதல், சாலை சரியாதல் எல்லாம் சின்ன எழுத்தில் போகும், அல்லது வராமலே போகும். தலைப்பில் கெட்ட சொல் இருந்தால் அதிகம் பேர் திறக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே உண்டு: ஓர் இணையத்தளத்தின் 1,05,000 தலைப்பு வடிவங்களை அலசிய 2023-ஆம் ஆண்டு ஆய்வில், எதிர்மறைச் சொல் ஒன்று கூடும்போது திறப்போர் விகிதம் 2.3 விழுக்காடு கூடியது. முடிவுச் செய்தியில் அந்தச் சொற்கள் இருப்பதில்லை. அம்மாவின் மனத்தில் ஏப்ரல் முதல் எரிந்த எந்தத் தீயும் அணையவில்லை, விழுந்த எந்தக் காரும் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட்: இரண்டாம் ஏற்பாடு

இம்முறை அம்மாவே ஏற்பாட்டைச் சொன்னார், நாங்கள் எழுதிக்கொண்டோம். காலையில் வீட்டுக்கு வரும் தமிழ் முரசு. இரவில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது வசந்தம் ஒளிவழியில் செய்தி, பேரனோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து. பகலில் பெட்டிக்குப் பதில் ஒலி 96.8 வானொலி, அதில் குரல் உண்டு, பாட்டு உண்டு, செய்தி வந்து போய்விடும், படம் இல்லை. திருச்சிப் பக்கத்துச் செய்தி வேண்டுமே என்றார். இந்திய ஒளிவழி ஒன்றை மாலையில் அரை மணி நேரம் கைப்பேசியில் பார்ப்பது என்று முடிவானது. உறவினர் குழுவின் ஒலியை அணைத்துவைத்தார். செவ்வாயும் வியாழனும் நிலையத்துக்கு வந்து மதியம் வரை இருப்பது.

பிறகு நோட்டுப் புத்தகம். பேரன் தன் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தான். இடப்பக்கத்தில் 'கேட்டது', வலப்பக்கத்தில் 'பிறகு'. மனத்தில் தங்கி உறுத்தும் செய்தியை மட்டும் இடப்பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து அது என்ன ஆயிற்று என்று பேரனோடு சேர்ந்து தேடி வலப்பக்கத்தில் எழுத வேண்டும்.

முதல் பதிவு: "26.7. சாலைக் குழி. கார் விழுந்தது." எதிர்ப்பக்கத்தில் அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில்: "ஓட்டிய பெண் பிழைத்தார். பக்கத்து வேலையிடத்து ஊழியர்கள் 7 பேர் கயிறு போட்டுத் தூக்கினார்கள். மேற்பார்வையாளர் தமிழர். ஒரு வாரத்தில் சாலை திறந்துவிட்டார்கள். ஊழியர்களை அதிபர் தம் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார்." இதை எழுதிய அன்று, "இதை ஏன் எனக்கு யாரும் அனுப்பவில்லை?" என்று கேட்டார். குழுவில் தானே அனுப்பினார். ஐந்து பேர் மட்டும் பார்த்தார்கள்; காணொளியைப் பார்த்தவர்கள் எல்லோரும்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, நிலையத்தில் தேநீர் குடிக்கும்போது அவருடைய பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். பேச்சுக்காகத்தான் கேட்டேன். ஒருமுறை புதிதாக வந்த மேலாளர் ரிஜெக்ட் தட்டை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை பழுதா என்று சத்தம் போட்டாராம். "நான் சொன்னேன், ஐயா, இது இன்றைக்கு நான் பார்த்த இரண்டாயிரம் பலகையில் வந்தது. நல்ல பலகையெல்லாம் அடுத்த மேசைக்குப் போய்விட்டது, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை என்று." சொல்லி நிறுத்தினார். கூடத்துத் தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இவர்கள் காட்டுவதும் அந்தத் தட்டைத்தானே?"

நான் அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வாரம் நான் சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்ததை அவர் தன் வேலையிலிருந்து எடுத்துச் சொன்னார்.

அன்று முதல் எந்தச் செய்திக்கும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினார். விமானத்துக்குப் பேரன் தேடிக் கொடுத்தான்: அனைத்துலக ஆகாயப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கில் 2024-இல் உலகெங்கும் 4 கோடிக்கும் சற்று அதிகமான விமானப் பயணங்கள், அவற்றில் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் 7. அம்மா அந்த இரண்டு எண்களையும் வலப்பக்கத்தில் எழுதினார். ஆனாலும் கல்யாணத்துக்குப் போகவில்லை. எண் தலைக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. மகனும் மருமகளும் போய்வந்தார்கள், தடுக்கவில்லை. விமானம் இறங்கும்வரை சாப்பிடாமல் இருந்தார். முகூர்த்தத்தைக் கைப்பேசியில் பார்த்தார். இந்த இழப்பை நான் சிறிதாகச் சொல்ல விரும்பவில்லை. தம்பி வீட்டில் அந்தத் தலைமுறைக்கு அது கடைசிக் கல்யாணம்.

தொலைபேசி விவகாரம் எளிதாகத் தீர்ந்தது. மருந்தகம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் எண்களைப் பெயரோடு சேமித்தோம். சந்தேகமான அழைப்பு வந்தால் வைத்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம் என்று பழக்கினோம். ஒருமுறை அவரே அழைத்துக் கேட்டார். அன்று முழுக்க அந்தப் பெருமை அவர் முகத்தில் இருந்தது. மோசடி எச்சரிக்கை அதேதான். முன்பு அது அவரைப் பூட்டிவைத்தது. இப்போது அதோடு செய்வதற்கு ஒரு காரியமும் சேர்ந்தது. தவறிய கண் பரிசோதனையும் செப்டம்பரில் முடிந்தது.

கரூர் இரவு

செப்டம்பர் 27, சனிக்கிழமை. கரூரில் அரசியல் கூட்டம் ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். முதல் தகவல் வந்தபோது இங்கே இரவு பத்து மணிக்கு மேல். அம்மாவின் சித்தி மகன் குடும்பம் கரூரில் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தவர் விடியற்காலை மூன்றரை வரை மூடவில்லை. அடுத்த நான்கு நாளும் அப்படியே. நோட்டு திறக்கப்படவில்லை. மகன் எனக்கு அழைத்து, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றார்.

நான் அப்படி நினைக்கவில்லை. இது தொலைவிலுள்ள யாருக்கோ நேர்ந்த செய்தி அல்ல. அவருடைய சொந்த மண். குழந்தைகளும் இறந்திருந்தார்கள். அழுவது நோயல்ல. தவறியது ஒன்றுதான்: உறவினர் பத்திரமாக இருப்பது இரவு பதினொன்றரைக்கே தெரிந்துவிட்டது; அதற்குப் பின் நான்கு மணி நேரம் அதே காட்சிகள். 2013 பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஹோல்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் முழுதும் நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியில் மூழ்கியவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட மன அதிர்ச்சி அதிகமாகப் பதிவாகியிருந்தது.

அதனால் செய்தியைப் பார்க்காதீர்கள் என்று இம்முறை சொல்லவில்லை. இனி இப்படி நடந்தால் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு வரிசை எழுதினோம்: தம்பி, சித்தி மகன், பிறகு இங்கே நான் அல்லது மருமகள். அவர்கள் பத்திரம் என்று தெரிந்ததும் கைப்பேசி கூடத்து அலமாரியில். ஐந்தாம் நாள் நிலையத்தில் கரூர்ப் பக்கத்துக்காரர்கள் இன்னும் இருவர் இருப்பது தெரிந்து மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள், அழுதார்கள். அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினார்.

இன்னொரு முறை என்றால்

முதல் நாளே அம்மாவிடம் கேட்பேன். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஜூலையில் பெட்டியை நிறுத்திவைத்த அந்த 16 நாள்கள். வீட்டார் வந்து சொன்னதை வைத்து, வீட்டில் மூத்தவரைத் தவிர்த்துவிட்டு முடிவெடுத்தேன்.

ரிஜெக்ட் தட்டு என்ற உவமையை மற்ற மூத்தோரிடம் சொல்லும்போது இப்போது கவனமாக இருக்கிறேன். ஒருமுறை உற்சாகத்தில் அதை விரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மாவே நிறுத்தினார். "அந்தத் தீயில் போன பிள்ளை தட்டில் கிடக்கிற பலகை இல்லை தம்பி. கணக்கு எனக்கு, என் பயத்துக்கு. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு இல்லை" என்றார். கெட்ட செய்தியைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக்குவது என் வேலை என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

பேரனுக்கு இவ்வளவு பொறுப்பு கொடுத்திருக்கக் கூடாது. செய்யத் தெரிந்த பிள்ளை, அன்பாகச் செய்தான். ஆனால் வாரந்தோறும் துயரச் செய்திகளின் முடிவைத் தேடுவது 15 வயதுக்கு லேசான வேலை அல்ல. அக்டோபரில் அதைக் கவனித்து, அந்த வேலையை நிலையத்தில் நால்வர் சேர்ந்து செய்யும் செவ்வாய்க்கிழமைக் கூட்டமாக மாற்றினோம். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

மருந்தகத்துக்கு முதலில் போயிருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைக்கிறேன். கவனிப்பு வாரம் முடியும்வரை நாங்கள் காத்திருந்தோம். உறக்கம் நாலரை மணியாகக் குறைந்த 71 வயதுக்காரருக்கு அது தேவையில்லாத தாமதம்.

டிசம்பர் நிலவரம்

உறக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. இரத்த அழுத்தம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பதற்றத்துக்குத் தனி மருந்து தேவைப்படவில்லை என்று மருத்துவர் சொன்னார். பேரன் தாமதமானால் இன்னும் வாசலுக்கு வந்து நிற்கிறார். 'சற்றுமுன்' ஒலி வேறு வீட்டிலிருந்து கேட்டாலும் தலை திரும்புகிறது. சோற்றுப்பானையின் பிளக் பிடுங்கப்படுகிறது. அதை யாரும் மாற்ற முயலவில்லை.

அக்டோபர் 20, தீபாவளியன்று காலை நான் பலகாரம் கொடுக்கப் போனேன். பூசை மாடத்தில் மின்விளக்குக்குப் பக்கத்தில் பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறை. அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்லி ஏற்றியதாக அம்மா சொன்னார். பெயர் நோட்டில் இடப்பக்கத்தில் இருக்கிறது. எதிரே வலப்பக்கத்தை அவர் வெறுமையாகவே விட்டிருக்கிறார்.

கல்யாணமான பேத்திக்குப் பங்குனியில் வளைகாப்பு என்று திருச்சியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. போவீர்களா என்று கேட்டதற்கு, "தெரியவில்லை தம்பி" என்றார். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. கடப்பிதழ் பிப்ரவரியில் காலாவதியாகிறது. போன வாரம் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்து, புதுப்பிக்க விண்ணப்பிக்கச் சொல்லி மருமகளிடம் கொடுத்திருக்கிறார்.